கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர்

நான் தலைமையாசிரியராக இருந்த கடைசி ஐந்து வருஷங்களில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர்கூட மாறுதல் கேட்டுப் போகவில்லை. கேரளத்து மலையில் ஏலப்பாறைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், ஓட்டுக்கூரையும் அரைச்சுவருமாக நின்ற நாலு வகுப்புத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. ஜூனில் திறந்தால் நவம்பர் வரைக்கும் குடையை மடக்க முடியாது. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு மணி கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருஷம்! பெருமை அடித்துக்கொள்கிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அடித்துக்கொள்ளத்தான் போகிறேன்.

ஆனால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மூன்று வருஷங்களில் ஏழு பேரை அங்கிருந்து விரட்டியவனும் நானேதான்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நெல்லும் கடலையும் விளைகிற பூமி. நடவு நாளில் என் அப்பா கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். யார் எத்தனை முறை நிமிர்ந்தார்கள், யார் வெற்றிலை போட ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குள் போய்விடும். சாயங்காலம் ஒவ்வொன்றாக வெளியே வரும். வேலை வாங்குவது என்றால் அதுதான் என்று பார்த்தே வளர்ந்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில், முப்பத்தைந்து வயதில், தலைமையாசிரியர் உத்தரவோடு மலையேறியபோது அந்த வரப்பையும் கூடவே கொண்டுபோய்விட்டேன்.

பள்ளிக்கூட வராந்தாதான் என் வரப்பு. மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு. பிள்ளைகளிடம் பாடத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்ற மூன்று வகுப்புகளின் அரைச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பேன். டீச்சர் கரும்பலகையில் எழுதும்போது சுவருக்கு வெளியே நின்றே குரல் கொடுப்பேன். "ஏனுங்க டீச்சர், கோடு கோணலாப் போகுதுங்களே!" பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கையெழுத்துப் புத்தகத்துக்கு அங்கே ஹாஜர் புத்தகம் என்று பெயர். பத்து மணி தாண்டி வந்தவர்கள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு சுழி போடுவேன். அந்தச் சிவப்பு மைக்கூட்டை என் சொந்தச் செலவில் பாலக்காட்டிலிருந்து வாங்கிப்போயிருந்தேன். அவ்வளவு அக்கறை!

ஏழு பேர் போனதில் ஐந்து பேர் நாலாம் வகுப்பு நாற்காலியில் இருந்தவர்கள். ஒரு வருஷம் ஓணத்திலிருந்து மார்ச் வரைக்கும் அந்த வகுப்புக்கு ஆளே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்று, தங்கச்சி தம்பியைப் பார்க்கவும் விறகு பொறுக்கவும் போய்விட்டன. கல்வி ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி வெறும் பெஞ்சுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாஷே, இன்னும் ஒரு தடவை இந்த நாற்காலி காலியானால் நாலாம் வகுப்பை எடுத்து ஏலப்பாறைப் பள்ளியோடு சேர்த்துவிடுவேன்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஏலப்பாறைக்கு மலைப்பாதையில் ஆறு மைல். எங்கள் பிள்ளைகளில் ஒன்றுகூட அவ்வளவு தூரம் நடக்கப்போவதில்லை. மூன்றாம் வகுப்போடு அவர்கள் படிப்பு முடிந்துவிடும்.

அடுத்த ஜூனில் அந்த நாற்காலிக்கு ஒரு டீச்சர் வந்தார். இருபத்திரண்டு வயது, ஒல்லி, பேச்சில் தெற்கத்தி இழுப்பு. வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா இன்னும் அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த லயத்திலிருந்து ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் ஆள் இவர்தான். தினமும் விடிவதற்கு முன் கிளம்பி, குட்டிக்கானத்தில் பஸ் மாறி, தோட்டத்துப் பாக்டரி வளைவில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வருவார்.

பாடம் நடத்துவதில் கெட்டிக்காரி என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் நின்றுபோன பிள்ளைகளில் பாதிப் பேர் ஆகஸ்டுக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் அவரிடம் அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. நடவுக்காரியைப் பாராட்டினால் கை தளர்ந்துவிடும் என்று அப்பா சொல்லுவார். நான் சிவப்புச் சுழிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் கொட்டுகிற மழை. பஸ் வழியில் நின்றுவிட்டது. பத்தே முக்காலுக்கு டீச்சர் முழங்கால் வரை நனைந்து வந்தார். நான் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். நாலு வகுப்புப் பிள்ளைகளும் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், கொழுந்து எடுக்கறவீங்களே ஏழரைக்கெல்லாம் மலையேறிப் போயிடறாங்க. படிச்ச உங்களுக்குப் பத்து மணிக்கு வந்து சேர முடியலீங்களா?"

அவர் புடவையின் ஓரத்தைப் பிழிந்துவிட்டு வகுப்புக்குள் போனார். நான் உள்ளே போய்ச் சுழியைப் போட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் பெரிய சுழி.

நாலு மணிக்கு மேஜையில் ஒரு தாள் வந்து விழுந்தது. மாறுதல் விண்ணப்பம். வண்டிப்பெரியார்ப் பக்கத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி என்று அழகான கையெழுத்தில் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'குடும்பக் காரணம்' என்று இரண்டே சொல்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குடும்பத்துல அப்படி என்னங்க காரணம்? நேத்து வரைக்கும் ஒண்ணும் சொல்லலீங்களே?"

டீச்சர் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். குரல் உயரவே இல்லை.

"எங்கம்மா முப்பது வருசமா கங்காணி முதுகுக்குப் பின்னால நிக்க நிக்கக் கொழுந்து எடுக்கா சார். நிமிந்தா ஒரு சத்தம், குனிஞ்சா ஒரு சத்தம். நீயாவது அந்தப் பார்வைக்குத் தப்பிச்சுரு பிள்ளைன்னு சொல்லித்தான் என்னைய படிக்க வச்சா. இங்க வந்தா நீங்க நிக்கீங்க. அதான் சார் குடும்பக் காரணம்."

குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். வயதில் சின்னவள் இப்படிப் பேசிவிட்டாளே என்றுதான் முதலில் பொருமினேன். அரைமணி நேரம் நன்றாகவே பொருமினேன். பிறகு பள்ளியைப் பூட்டிக்கொண்டு என் அறைக்கு நடந்தேன். வழியில் மேட்டுச் சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கங்காணி கறுப்புக் குடையோடு நின்றான். மூன்று வருஷமாக அந்த வழியில் அவனைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவன் நிற்கிற நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு என்று உறைத்தது. என் அப்பாவின் நிற்பு. என்னுடைய நிற்பும்தான்.

விண்ணப்பத்தை நான்தான் மேலே அனுப்ப வேண்டும். கல்வி ஆபீஸ் கிளார்க்கிடம் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தேன். "அடியில போட்டு வையுங்க சார். மார்ச் கழிஞ்சு அனுப்பினா இந்த வருஷம் மாறுதல் கிடையாது" என்று வழி சொல்லிக்கொடுத்தார். இரண்டு நாள் அந்தத் தாள் என் இழுப்பறையில் கிடந்தது. இழுப்பறையை மூடி வைத்தால் நாற்காலி காலியாகாது. அதிகாரிக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடைத்து வைத்த ஆளிடமிருந்து என்ன பாடம் வரும்? மூன்றாம் நாள் அதை எடுத்து, 'இவர் இந்தப் பள்ளியின் மிக நல்ல ஆசிரியர். இவர் போனால் எங்களுக்குப் பெரிய நஷ்டம். ஆயினும் இவர் கேட்கும் இடத்தைக் கொடுக்கச் சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் டீச்சரிடம் காட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "மிக நல்ல ஆசிரியர்னு நெசமாவே எழுதியிருக்கீங்களா சார்?" என்றார்.

"முன்னாடியே சொல்லியிருக்கோணுமுங்க" என்றேன். "இன்னொண்ணுங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் புதன்கிழமை மத்தியானம் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க."

"எதுக்கு சார்?"

"நான் நடத்துறதுல தப்புச் சொல்றதுக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை என்று எதுவும் இல்லை. நானே என்னை நம்பவில்லை.

முதல் புதன்கிழமை இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்றையும் நாலையும் சேர்த்து உட்கார வைத்து நான் பின்னக் கணக்கு எடுத்தேன். ஒன்றாம் வகுப்பு டீச்சரும் இரண்டாம் வகுப்பு சாரும்கூட, தலைமையாசிரியர் தேர்வெழுதுவதைப் பார்க்க, தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு வந்து நின்றார்கள். யாரும் பார்க்க நான் பாடம் நடத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. சுண்ணக்கட்டி விரலில் வழுக்கியது.

"ஒரு பறை நெல்லு இருக்குது. அதுல கால் பறையை விதைக்கு எடுத்து வச்சாச்சு. மீதி எவ்வளவு?"

ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் கேட்டேன். எங்கள் பக்கம் நெல் அளக்கிற பறையை வைத்து அரைப் பறை, முக்கால் பறை, நாற்றங்கால் என்று என் ஊர் வயலையே விரித்துக் காட்டினேன். முப்பது ஜோடிக் கண்கள் என்னைப் பாவமாகப் பார்த்தன. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து, "எங்க வீட்ல நெல்லு இல்ல சார். ரேசன் கடை அரிசிதான்" என்று சமாதானம் சொன்னாள். அந்த மலையில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுகூட வயலைக் கண்ணால் கண்டதில்லை. மூன்று வருஷமாக அவர்களுக்கு நான் பறையும் படியுமாக அளந்துகொண்டிருந்திருக்கிறேன், மண்டையில் ஏறவில்லை என்று திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

"டீச்சர், நீங்க வாங்க" என்று சுண்ணக்கட்டியை நீட்டினேன். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சில் இடித்தது.

டீச்சர் பலகைக்குப் போகாமல் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றார். "அம்மா மழையில கொழுந்து எடுத்துட்டு வாராக. தராசுல நிறுத்தா இருபது கிலோ. ஈரத்துக்குன்னு பத்துல ஒரு பங்கு கழிக்காக. மீதி எவ்வளவு?"

"பதினெட்டு!" ஓடு அதிர்ந்தது.

"சரி. நாலுல ஒரு பங்கு கழிச்சா?"

"அநியாயம் டீச்சர்!" என்று ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

"அநியாயந்தான். கணக்கச் சொல்லு."

"பதினஞ்சு!"

மூன்று வருஷமாக நான் ஏற்ற முடியாத பின்னம் பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். என் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பாடம் நடக்கிறதே என்று அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று சாயங்காலம் என் தப்புகளைக் கேட்டேன். முதலில் தயங்கினார்கள். டீச்சர்தான் ஆரம்பித்தார். "பறைய விட்டுருங்க சார். அப்புறம்... சொல்லட்டா? நீங்க வராந்தாவுல நடக்கையில மூணாங்கிளாஸ் பிள்ளைக சும்மா காப்பி எழுதிக்கிட்டே இருக்கு. பாவமா இருக்கு." இரண்டாம் வகுப்பு சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிஷம் காது சூடேறியது. ஆனால் கேட்டவன் நான்தானே. குறித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வராந்தாவில் நடப்பது நின்றது. முதல் மாதம் கால் தானாகவே வாசலுக்குப் போகும், திட்டி இழுத்து வருவேன். முதல் பாடவேளையில் மூன்றையும் நாலையும் சேர்த்து மனக்கணக்கு நானே எடுத்தேன். அதனால் பஸ் எப்போது வந்தாலும் நாலாம் வகுப்பு சும்மா இருக்கவில்லை, டீச்சரும் ஓடிவர வேண்டியிருக்கவில்லை. சிவப்பு மைக்கூட்டைப் பிள்ளைகளிடம் படம் வரையக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் பள்ளிக்கூடம் முழுக்கச் செம்பருத்தியாகப் பூத்தது.

புதன்கிழமை என் முறையோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் இரண்டாம் வகுப்பு சார், அதற்கடுத்த வாரம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்று எல்லோரும் எடுத்தார்கள். ஒரே விதிதான் வைத்தேன். தப்பைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லக் கூடாது. நாலு மணிக்கு மேல், பால் விடாத கட்டஞ்சாயாவோடுதான் சொல்ல வேண்டும். இருபது வருஷம் அனுபவம் உள்ள ஒன்றாம் வகுப்பு டீச்சர், "எனக்கு இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லித்தந்ததே இல்ல சார்" என்று சொல்லி, எழுத்துகளுக்குப் புதிதாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. டீச்சர் தினமும் இரண்டு பஸ் மாறி வருவதைத் தீர்க்க வேண்டும். அதற்கு எஸ்டேட் துரையிடம் அறை கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் போய் நின்று பழக்கமில்லை. அந்தத் திமிரில் மூன்று வருஷமாக நான் துரை ஆபீஸ் படி ஏறியதே இல்லை. ஏறினேன். வேலை கேட்டு வந்தவர்களோடு ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே போய், "உங்க எஸ்டேட் ஆட்களோட பிள்ளைகளுக்குத்தாங்க பாடம். டீச்சருக்கு ஒரு ரூம் குடுத்தீங்கன்னா பள்ளிக்கூடம் நிக்கும்" என்றேன். துரை டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் மருத்துவச்சியம்மா தனியாக இருந்த குவார்ட்டர்ஸில் ஓர் அறையைக் கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன்பே கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பாராம். அதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரியில் டீச்சர் அந்த அறைக்கு வந்தார். மாறுதல் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. ஆனால் தபால்காரர் வளைவில் திரும்பும்போதெல்லாம் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். நாற்காலி, அதிகாரி, ஆறு மைல் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். உள்ளதைச் சொன்னால், அந்த டீச்சர் போய்விடுவாரே என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

மார்ச் முதல் வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம். மறுபடி என் முறை. நாலாம் வகுப்பு நிறைந்திருந்தது, நின்றுபோன பிள்ளைகளில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் வந்திருந்தன. பலகை நிறையக் கொழுந்துக் கணக்கு எழுதியிருந்தேன். ஒரு பறைகூட இல்லை. நாலு கணக்கை முடித்து ஐந்தாவதுக்குக் கை தூக்கியபோது தபால்காரர் அரைச்சுவருக்கு மேலாக ஒரு பழுப்பு உறையை நீட்டினார். கல்வி ஆபீஸ் முத்திரை. பிரித்தேன். டீச்சருக்கு மாறுதல், வண்டிப்பெரியாரில், அம்மா இருக்கும் லயத்திலிருந்து நடக்கிற தூரத்தில். அவர் கேட்டதைவிட நல்ல இடம். நான் எழுதிய சிபாரிசு வேலை செய்துவிட்டது.

பிள்ளைகளுக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொள்ளாமல் கடைசி பெஞ்சு வரை நடந்துபோய்த் தாளைக் கொடுத்தேன். "உங்களுக்கு வந்துருச்சுங்க டீச்சர். நல்ல எடமுங்க. சந்தோசமாப் போய்ட்டு வாங்க" என்றேன். சந்தோசமா என்ற சொல்லைத் தள்ளித்தான் வெளியே கொண்டுவந்தேன்.

டீச்சர் அதைப் பிரித்து நிதானமாகப் படித்தார். மடித்தார். பிறகு தன் பாடக்குறிப்பு நோட்டுக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்து என் கையில் வைத்தார். மாறுதல் வேண்டாம், இதே பள்ளியில் தொடர அனுமதிக்க வேண்டும் என்று அதே அழகான கையெழுத்து. தேதி போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. காரணம் என்ற இடத்தில் மறுபடியும் 'குடும்பக் காரணம்' என்றே எழுதியிருந்தார்.

எனக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. "குடும்பத்துல என்னங்க..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மாட்ட கேட்டுட்டேன் சார். யாரும் முதுகுக்குப் பின்னால நிக்காத எடம்னா அங்கேயே இருன்னுட்டா" என்றார் டீச்சர். பிறகு எட்டிப் பலகையைப் பார்த்தார். பிள்ளைகள் காதில் விழாதபடி, என் விதிப்படியே, குரலைத் தணித்துக்கொண்டார். "பாடத்த முடிங்க சார். நாலு மணிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாலாவது கணக்குத் தப்பு."

திரும்பிப் பார்த்தேன். முப்பத்தாறு கிலோவில் முக்கால்வாசி இருபத்தெட்டு என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பலகைக்கு நடந்துபோய், நாற்பது பிள்ளைகளும் பார்க்க அதை அழித்து இருபத்தேழு என்று எழுதினேன்.